விடிந்தால் கடன்

மாடிப்படி திரும்பும் இடத்தில் இரண்டு அறிவிப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. மேலே இருந்தது மேடம் காசு கொடுத்து எழுதி மாட்டிய பலகை: 'துப்பறியும் நிலையம். முதல் ஆலோசனை இலவசம்.' அதற்கு நேர் கீழே, கட்டட உரிமையாளர் சிவப்புப் பெயிண்டில் சுவரில் எழுதி வைத்தது: 'இங்கே துப்பாதீர்.' இரண்டையும் சேர்த்துப் படித்துவிட்டுக் குழம்பிப்போய்த் திரும்பியவர்கள் எத்தனை பேரோ, அந்தப் படிகளுக்கே வெளிச்சம்.

அன்று காலை வந்தவர் திரும்பவில்லை. 'இலவசம்' என்ற சொல்லைப் பார்த்ததும் அவருக்கு மற்ற எழுத்தெல்லாம் கண்ணில் படவில்லை.

"இலவசம்னு போட்டிருக்கே, நெசமாவே இலவசமா? இல்ல, உள்ள வந்ததும் டீக்குக் காசு, விசிறிக்குக் காசுன்னு ஆரம்பிப்பீங்களா?"

"நெசமாவே இலவசம் சார். உட்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அது ஆடும். அதுக்கு மட்டும் தனிக் கட்டணம்" என்றான் கொசுறு.

கொசுறு என்பது அவன் அப்பா அம்மா வைத்த பெயர் அல்ல. மேடம் இந்த அறையை வாடகைக்குப் பிடித்தபோது உள்ளே ஒரு மேஜை, ஓர் ஆடும் நாற்காலி, முன்பு இங்கே டைப்ரைட்டிங் பள்ளி நடத்தி ராவோடு ராவாக ஓடிப்போனவரிடமிருந்து சம்பளப் பாக்கி வரும் என்று நம்பி உட்கார்ந்திருந்த ஓர் ஆள், எல்லாம் இருந்தன. "இவரும் அறையோட சேர்த்தியா?" என்று மேடம் கேட்டார். "கொசுறுன்னு வச்சுக்கங்க" என்றார் உரிமையாளர். அன்று ஒட்டிய பெயர். மீசையில் ஒன்றிரண்டு நரை தட்டிய பிறகும் உதிரவில்லை.

வந்தவர் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வந்து உட்கார்ந்தார். ஊரில் பாதிப் பேர் படுத்துத் தூங்குவது அவர் கடை மெத்தையில்தான். மெத்தைக்கடை முதலாளி.

"கால்ல என்ன?" என்றார் மேடம்.

"மரத்துப்போகுது. தெனமும் காலைல இப்படித்தான். மத்தியானத்துக்குள்ள சரியாயிடும்."

"மெத்தைய மாத்திப் பாருங்க சார்" என்றான் கொசுறு.

முதலாளி அவனை முறைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார். ஃபோன் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. உறையின் வாயை ரப்பர் பேண்டால் இறுக்கிச் சுற்றியிருந்தார்.

"ஃபோனுக்கு ரெயின்கோட்டா?"

"தண்ணி பட்டுடக் கூடாதுல்ல, தம்பி."

"மழையே இல்லையே சார்."

முதலாளிக்கு அது காதில் விழவில்லை, அல்லது விழாத மாதிரி இருந்தார். மேடத்தின் கண் அந்த ரப்பர் பேண்டில் கொஞ்ச நேரம் நின்றது. அதற்குப் பிறகு ஜன்னலுக்கு நகர்ந்தது. மேடத்தோடு இத்தனை வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் கொசுறுக்குத் தெரியும். எதையாவது பிடித்துவிட்டால்தான் அவர் ஜன்னலைப் பார்ப்பார்.

"விஷயத்துக்கு வாங்க."

"என் மாப்பிள்ளை கடன்ல மூழ்கிட்டார், மேடம்." முதலாளி ஃபோனை மேஜை மேல் வைத்தார். "ஊருக்கே தூக்கம் விக்கிறவன் நான். எனக்குத் தூக்கம் போச்சு."

கதை இதுதான். முதலாளி இணையத்தில் ஒரு வீட்டுக் கணக்குக் கருவியைக் கண்டுபிடித்தார். பெயர் 'சில்லறைத் தோழன்'. இலவசம் என்பதால் சோதித்துப் பார்ப்போமே என்று இறங்கினார். இறங்கியவர் குடும்பத்தையே இழுத்துவிட்டார். மகள், மாப்பிள்ளை, எல்லோரும் செலவழிக்கிற ஒவ்வொரு காசையும் அவரவர் ஃபோனில் எழுதிவிட வேண்டும் என்பது உத்தரவு. எழுதியதைப் படித்து இது மளிகை, இது மருந்து, இது துணிமணி என்று இயந்திரமே பிரித்து அடுக்கிக்கொள்ளும். குடும்பத் தலைவருக்கு எந்த வகையில் எவ்வளவு செலவு என்று மட்டும் காட்டும்.

"எழுதினது என்னன்னு காட்டாதா?" என்றார் மேடம்.

"எழுதினவங்களுக்குத்தான் தெரியுமாம். அந்தரங்கமாம். மாமனாருக்குத் தெரியாம மாப்பிள்ளைக்கு என்ன அந்தரங்கம்?"

"வகை தப்பா விழுந்தா மாத்த முடியுமா?"

"முடியும். அதுக்குக் காசு கட்டணுமாம்! காசைக் கணக்குப் பார்க்கறதுக்கே காசா? நான் என்ன இளிச்சவாயனா?"

உறைக்கு மேலேயே விரலை வைத்துத் தேய்த்து அவர் திரையைக் காட்டினார். மாப்பிள்ளையின் பக்கத்தில் வரிசையாக ஒரே சொல். கடன். கடன். கடன். விடிந்தால் ஒரு கடன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மஞ்சள் முகம் பல்லைக் காட்டிக்கொண்டு, 'சபாஷ்! தவணையைத் தவறாமல் கட்டுகிறீர்கள்!' என்று பாராட்டியது. நடுவில் ஓரிடத்தில் 'நகை'. இன்னோரிடத்தில் 'வரி'.

"என் பொண்ணு கழுத்துல புதுசா ஒரு பொட்டுத் தங்கம் ஏறலை. அப்போ நகை யாருக்கு? கடை வரியை நான்தான் கட்டறேன். அப்போ இவர் எந்த வருமானத்துக்கு வரி கட்டறார்? தினமும் காலைல சில்லறை சில்லறையா எவன்கிட்டக் கடன் கட்டறார்?" முதலாளி மூக்கை உறிஞ்சினார். "நாளைக் கழிச்சுக் கடையை மாப்பிள்ளை பேருக்கு எழுதறதா இருந்தேன், மேடம். எட்டு வருஷமா மெத்தையைத் தலையில சுமந்தவர். ஒரு நாள்கூட முகம் சுளிச்சதில்ல. அதான் வயிறு எரியுது. பேசாம சோபாக்கடைக்காரருக்கே வித்துடலாம்னு அவரையும் அன்னிக்குக் காலைல வரச் சொல்லிட்டேன். யாருக்குக் கையெழுத்துப் போடணும்னு நீங்கதான் சொல்லணும்."

"நேரா மாப்பிள்ளைகிட்டயே கேட்டா என்ன?"

"மாப்பிள்ளைகிட்ட எப்படிங்க கேக்கறது? மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல!"

மேடம் தலையசைத்தார். "இந்தக் கணக்கையெல்லாம் எப்போ பார்ப்பீங்க?"

"விடியக்காலைல. தனியா உட்கார்ந்து பார்ப்பேன். கதவைச் சாத்திட்டேன்னா ஒரு பய தொந்தரவு பண்ண மாட்டான். கருவி வந்ததுலேர்ந்து அந்த ஒரு மணி நேரந்தான் எனக்கு நிம்மதி." எழுந்தவர் வாசலில் நின்று ஒரு முறை உறுதி செய்துகொண்டார். "இதுவரைக்கும் பேசினது இலவசம்தானே?"

*

மறுநாள் இருட்டு பிரிகிற நேரத்தில் கொசுறு மெத்தைக்கடைக்காரர் வீட்டு எதிரில், ஒரு மூடிய கடையின் ஷட்டரில் சாய்ந்து நின்றான். கையில் டீ. அது அவனுக்கு இரண்டாவது டீ.

கேட் திறந்தது. மாப்பிள்ளை வெளியே வந்தார். நல்ல உயரம், கட்டம் போட்ட சட்டை. நடந்தார் என்று சொல்ல முடியாது. ஓடினார் என்றும் சொல்ல முடியாது. முழங்கால் இரண்டையும் ஒட்டினாற்போல வைத்துக்கொண்டு, சின்னச் சின்ன எட்டுகளாக எடுத்து வைத்து, அநியாய வேகத்தில் போனார். நெற்றியெல்லாம் வியர்வை. எதிரே வந்த பேப்பர்காரர் "குட் மார்னிங் சார்" என்றதற்குப் பதில் இல்லை.

'பாவம், கடன்காரன் கழுத்தைப் பிடிக்கிறான் போல' என்று கொசுறு உச்சுக்கொட்டிக்கொண்டே பின்தொடர்ந்தான்.

மாப்பிள்ளை பேருந்து நிலையத்துக்குள் நுழைந்தார். கொசுறும் நுழைந்தான். அந்தச் சமயம் பார்த்து ஒரு பேருந்து 'வரலாம், வரலாம்' என்று பின்னால் நகர்ந்து வந்து நடுவில் நின்றுகொண்டது. அதைச் சுற்றி ஓடிப் பார்த்தால் மாப்பிள்ளையைக் காணோம். அங்கே வரிசையாக ஓர் அடகுக் கடை, ஒரு சீட்டுக் கம்பெனி, ஒரு பழைய புத்தகக் கடை, கோடியில் ஒரு கட்டணக் கழிப்பறை. அடகுக் கடையும் சீட்டுக் கம்பெனியும் பூட்டியிருந்தன. புத்தகக் கடைக்காரர் மட்டும் தூசி தட்டிக்கொண்டிருந்தார். சும்மா நின்றால் சந்தேகம் வரும் என்று கொசுறு ஒரு நகைச்சுவைத் துணுக்குப் புத்தகம் வாங்கினான்.

அதற்குள் குடித்த இரண்டு டீயும் தங்கள் வேலையைக் காட்டின. வேறு வழியில்லாமல் கோடிக்குப் போனான். வாசல் மேஜைக்காரரிடம் காசு கொடுத்து உள்ளே போனால், அடுத்த தடுப்புக்குள் யாரோ அமர்க்களமாகச் சீட்டியடித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்தபோது மாப்பிள்ளை தூரத்தில் வீட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். இப்போது கைகளை வீசி, சாவகாசமாக, சீட்டியடித்தபடி. பேப்பர்காரரைத் தேடிப் போய் "குட் மார்னிங்" சொன்னார். ஒரு நாயிடம்கூட என்னவோ விசாரித்தார்.

ஃபோன் அடித்தது. மேடம்.

"எங்கே போனார்? யாரைப் பார்த்தார்?"

"அது வந்து… போற வரைக்கும் பார்த்தேன் மேடம். வர்றப்பவும் பார்த்தேன். நடுவுல மட்டும்…"

"நடுவுல நீ எங்கே போனே?"

கொசுறுக்குக் காது சிவந்தது. என்ன இருந்தாலும் சம்பளம் கொடுக்கிற மேடம். "காலைக்கடனை முடிச்சுட்டு வந்தேன், மேடம்."

கொசுறு திட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான். திட்டு விழவில்லை. "ஆபீசுக்கு வா" என்று மட்டும் சொல்லிவிட்டு மேடம் வைத்துவிட்டார்.

*

மேடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் சில்லறைத் தோழனை உன் ஃபோன்ல இறக்கு. காலைல நீ பண்ண செலவையெல்லாம் அதுல எழுது."

"அதெல்லாம் ஆபீஸ் செலவுதானே மேடம்? திருப்பித் தருவீங்கதானே?"

"எழுது."

கொசுறு கருவியை இறக்கினான். அது முதலில் அவன் பெயரைக் கேட்டது. பிறகு அவன் கனவு என்ன என்று கேட்டது. சம்பளம் என்று எழுதினான். மஞ்சள் முகம் அனுதாபத்தோடு கண்ணைச் சிமிட்டியது.

'டீ' என்று அடித்தான். உணவு என்றது. சரி. அடுத்து 'நகைச்சுவைப் புத்தகம்' என்று அடித்தான். மஞ்சள் முகம் துள்ளிக் குதித்தது. 'நகை! அருமையான முதலீடு! பத்திரமாகப் பூட்டி வையுங்கள்!'

கொசுறு புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அட்டையே பாதிதான் இருந்தது. "இதுக்குப் பூட்டா?"

"மாப்பிள்ளை கணக்குல நகைக்கு என்ன தொகை இருந்ததுன்னு கவனிச்சியா? அந்தக் காசுக்கு மூக்குத்தி இல்ல, மூக்குத்தியோட திருகுகூடக் கிடைக்காது. அப்பவே உறுத்திச்சு." மேடம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். முகத்தில் குழந்தைக்களை வந்துவிட்டது. "இதுக்குத் தமிழ் தெரியும். ஆனா அரைகுறை. ஒரு சொல்லுக்குள்ள தெரிஞ்ச துண்டு ஒண்ணு கிடைச்சா போதும், மீதியைப் படிக்காது. இன்னும் ஏதாவது எழுது. எது வேணாலும்."

அவ்வளவுதான். அடுத்த அரை மணி நேரம் துப்பறியும் நிலையத்தில் துப்பும் இல்லை, துலக்கலும் இல்லை, கூத்துதான் நடந்தது. 'பால்கனி டிக்கெட்' என்று எழுதினால் பால் செலவு என்றது. 'வாடகைக் கார்' எடுத்தவனை வீடு மாற்றியதற்கு வாழ்த்தியது. 'வரி போட்ட சட்டை' வாங்கியவனை 'நேர்மையான குடிமகனே!' என்று கொண்டாடி வரிக் கணக்கில் சேர்த்தது. மேடம் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கொசுறுக்கு வயிறு வலித்தது. இவ்வளவு நல்ல துணுக்கு அவன் வாங்கிய புத்தகத்தில் ஒன்றுகூட இல்லை.

"போதும். காலைச் செலவுல ஒண்ணு பாக்கி இருக்கே?"

கொசுறு சற்றுத் தயங்கி, 'கட்டணக் கழிப்பறை' என்று அடித்தான். இதர செலவு என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டது.

"இப்போ, இதை உன்னை மாதிரி ஒரு வாயாடி எழுதலை. மரியாதை தெரிஞ்ச ஒருத்தர் எழுதறார். கணக்கு மாமனார் கண்ணுல பட்டாலும் படும்னு பயந்து பயந்து எழுதறார். என்னன்னு எழுதுவார்? காலைல என்கிட்ட ஃபோன்ல என்ன சொன்னே?"

கொசுறு வாயைத் திறந்தான். திறந்தபடியே வைத்துக்கொண்டான். பிறகு ஒவ்வோர் எழுத்தாக அடித்தான். காலைக்கடன்.

திரையில் மணி அடித்தது. 'கடன்! கவலை வேண்டாம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தால் ஒரு நாள் முழுதாக விடுபடுவீர்கள்!'

"ஆண்டவா! அது நடந்தா ஆளே போய்ச் சேர்ந்துடுவானே!" என்று அலறினான் கொசுறு. "அப்போ பக்கத்துத் தடுப்புல சீட்டியடிச்சது…"

"உன் கைக்கெட்டற தூரத்துல உட்கார்ந்திருந்தவரைத்தான் ஊரெல்லாம் தேடியிருக்கே."

கொசுறுக்கு வெட்கம் ஒரு பக்கம், குஷி ஒரு பக்கம். "கேஸ் முடிஞ்சுது! முதலாளிக்கு ஃபோனைப் போடட்டுமா?"

"முடியலை." மேடம் எழுந்து ஜன்னலுக்குப் போனார். "வீட்ல வசதி இருக்கு. அப்படியிருந்தும் ஒரு மனுஷன் தினமும் வியர்வை வழிய அவ்வளவு தூரம் போய், காசு கொடுத்துட்டு வர்றார். ஏன்? அதுக்குக் காரணமான ஆளைப் பிடிக்காம நான் கேஸை மூட மாட்டேன்." திரும்பியபோது அவர் கண்களில் விஷமம் மின்னியது. "விடியறதுக்கு முன்னாடி அவர் வீட்டுக்குப் போறோம். குற்றவாளியைக் கையும் களவுமா பிடிக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது."

*

அவர்கள் கேட்டைத் தொட்டதும் அது தானாகத் திறந்தது. மாப்பிள்ளை முழங்கால்களை ஒட்டியபடி பாய்ந்து வந்துகொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம், சார்" என்று மேடம் வழியை மறித்தார்.

"ஒரு நிமிஷம்லாம் இல்லைங்க… தயவு செஞ்சு…"

"இன்னிக்கு நீங்க வெளிய போக வேண்டியதில்ல. நாங்க உங்க மாமனாரோட துப்பறிவாளர்கள். உங்க கடனை இங்கேயே தீர்த்து வைக்கத்தான் வந்திருக்கோம்."

மாப்பிள்ளையின் முகத்தில் பயமும் அவசரமும் போட்டி போட்டன. கொசுறு அவர் முழங்கையைப் பிடித்து மெதுவாக வீட்டுக்குள் திருப்பினான். மகள் தூக்கக் கலக்கத்தோடு எதிரில் வந்தாள். அவள் இடுப்பில் ஒரு சின்னப் பெண், கையில் ஒரு பொம்மை.

"அப்பாவையா பார்க்கணும்? அவர் கணக்குப் பார்க்கறார். ஒரு மணி நேரம் ஆகும்" என்று மகள் கூடத்தின் ஓரத்தில் சாத்தியிருந்த கதவைக் காட்டினாள். ஆபீஸ் அறையைக் காட்டுகிற மாதிரிதான் காட்டினாள். கதவுக்கு அடியில் ஈரக் கால்மிதி கிடந்தது. பக்கத்தில் ஒரு பல்துலக்கும் பிரஷ் தொங்கியது.

கொசுறுக்கு உச்சந்தலையில் விளக்கு எரிந்தது. மரத்துப்போன கால். பிளாஸ்டிக் உறை போட்ட ஃபோன். 'கதவைச் சாத்திட்டேன்னா ஒரு பய தொந்தரவு பண்ண மாட்டான்.'

"வீட்ல இது ஒண்ணுதானா?" என்று மகளிடம் கிசுகிசுத்தான்.

"ஒண்ணுதான். நானும் பாப்பாவும் லேட்டாத்தான் எழுந்திருப்போம், எங்களுக்குப் பிரச்சனை இல்ல. இவர் கடை திறக்க சீக்கிரம் கிளம்பணும். அதான் ஒரு நடை போயிட்டு வர்றேன்னு போவார்."

மேடம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கொசுறுக்குப் பகீரென்றது. குற்றவாளியை அறிவிக்கும் கட்டம் வந்துவிட்டால் மேடத்துக்கு முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் வேண்டும். மாப்பிள்ளையோ ஒற்றைக் காலில் மாறி மாறி நின்றுகொண்டிருந்தார்.

"முதலாளி! உள்ளேயிருந்தே கேளுங்க!" என்று மேடம் கதவைத் தட்டினார். "உங்க மாப்பிள்ளை மேல மூணு குற்றச்சாட்டு. ஒண்ணு, நகை…"

"யாரு? மேடமா? இந்நேரத்துலயா?" என்று உள்ளேயிருந்து எதிரொலியோடு குரல் வந்தது.

"மேடம், சுருக்கமா" என்றான் கொசுறு.

"நகைங்கறது நகைச்சுவை. வாழ்க்கையில நகைச்சுவைங்கறது…"

"நாடக டிக்கெட்!" என்று மாப்பிள்ளை கத்தினார். "நகைச்சுவை நாடகம்!"

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ அப்பா, அது நாங்க ரெண்டு பேரும் போனது. சிரிக்கறதுக்குக் காசான்னு நீங்க திட்டுவீங்கன்னு சொல்லலை."

"ரெண்டாவது, வரி. நேத்து வரைக்கும் இதுக்கு எனக்கு விடை தெரியாது. இப்போ தெரிஞ்சுடுச்சு." மேடம் சின்னப் பெண் பக்கம் குனிந்தார். "பாப்பா, கையில என்ன?"

"வரிக்குதிரை. அப்பா வாங்கித் தந்தது. தாத்தாகிட்டக் காட்டக் கூடாது."

மாப்பிள்ளை தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். உதடுகள் எதையோ முணுமுணுத்தன. அது வேண்டுதலாகத்தான் இருக்க வேண்டும்.

"மூணாவது, கடன். இதுதான் முக்கியம். மனித குலம் தோன்றின நாள்லேர்ந்து…"

"மேடம்! மனித குலத்துக்கு நேரமில்ல!"

"சரி. அது காலைக்கடன், முதலாளி!" மேடத்தின் குரல் கூடம் முழுக்கக் கணீரென்று ஒலித்தது. "உங்க மாப்பிள்ளை ஒருத்தருக்கும் ஒரு பைசா பாக்கி இல்ல. தினமும் பேருந்து நிலையத்துக் கட்டணக் கழிப்பறைக்குப் போய்க் காசு கொடுத்துட்டு வர்றார். ஒரு காசு விடாம எழுதுன்னு நீங்க சொன்னீங்க, எழுதினார். உங்க மேல உள்ள மரியாதையில பச்சையா எழுதாம நல்ல வார்த்தையாப் பார்த்து எழுதினார். அந்த மரியாதைதான் அவரைக் கடன்காரராக்கிடுச்சு. எட்டு வருஷம் மெத்தை சுமந்தவரை வீட்டை விட்டு விரட்டினது யார் தெரியுமா? கடன்காரன் இல்ல. இப்போ உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு, கால் மரத்துப்போற வரைக்கும் உட்கார்ந்து, மாப்பிள்ளைக்குக் கடன் ஏறுதேன்னு கணக்குப் பார்த்துக்கிட்டிருக்கற ஆள்!"

உள்ளே 'தொபுக்' என்று வாளித் தண்ணீரில் எதுவோ விழுந்தது.

தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது. முதலாளி நின்றார். கையில் உறையோடு சொட்டச் சொட்ட ஃபோன். ஒரு கால் மரத்திருந்ததால் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் முட்டியிருந்தது.

"மாப்பிள்ளை…" என்றார். "கடைச் சாவியை எட்டு வருஷமா உங்க கையில கொடுத்து வச்சிருந்தேன். இந்த ஒரு தாழ்ப்பாளைக் கொடுக்கத் தோணலையே எனக்கு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"பார்த்தேன் மாமா… கடன்னு காட்டினதைப் பார்த்தேன்… மாத்தறதுக்குக் காசு கேட்டுது… உங்ககிட்ட எப்படி வாய்விட்டு… மாமா, கொஞ்சம் வழி விடறீங்களா?"

"அதான் தப்பு என் பேர்லன்னு சொல்றேனே. உங்க மனசு எவ்வளவு…"

"மாமா, மன்னிச்சுட்டேன்! எல்லாத்தையும் மன்னிச்சுட்டேன்! நகருங்க!"

மரியாதை தெரிந்த மாப்பிள்ளை கல்யாணம் ஆன நாளிலிருந்து முதல் முறையாக மாமனாரைத் தோளில் இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். கதவு படாரென்று சாத்தப்பட்டது. மகள் குழந்தையோடு தரையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். அவளைப் பார்த்துக் கொசுறு சிரித்தான். முதலாளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அழுகை இன்னும் முடியாததால் இரண்டும் சேர்ந்து விக்கலாக வெளிவந்தது.

சோபாக்கடைக்காரர் வந்தபோது, "கடை விக்கறதுக்கு இல்ல, மெத்தை வேணும்னா வாங்கிக்கங்க" என்று பதில் கிடைத்தது. பத்திரத்தில் முதலாளி கையெழுத்துப் போட்டார். மாப்பிள்ளையும் போட்டார். மாப்பிள்ளைக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது. இந்த முறை காரணம் வேறு.

எல்லாம் முடிந்ததும் முதலாளி மெல்ல மேடத்திடம் வந்தார். "முதல் ஆலோசனை இலவசம்…"

"ஆமாம். அது எங்க மாடியில நடந்தது. இது கடைசி ஆலோசனை."

முணுமுணுத்துக்கொண்டே பணத்தை எண்ணிக் கொடுத்தார். பழக்கதோஷத்தில் ஃபோனை உறையோடு எடுத்துக் கணக்கில் எழுத ஆரம்பித்தார். 'துப்பு' என்று அடித்ததும் சில்லறைத் தோழன் பொறுக்கவில்லை. மீதியை அதுவே முடித்துக்கொண்டது. மஞ்சள் முகம் கைதட்டியது. 'துப்புரவு! கழிப்பறை சுத்தமாக இருந்தால் குடும்பம் சுகமாக இருக்கும்!'

கொசுறுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நம்மளை என்னன்னு நினைச்சுது அது? காசைக் கட்டியாவது மாத்தச் சொல்லுங்க மேடம்!"

"விட்டுடு" என்றார் மேடம். "அது சரியா எழுதினது இது ஒண்ணுதான்."

மறுநாள் காலை, படியேறும்போதே கொசுறுக்கு முதலாளியிடமிருந்து ஃபோன் வந்தது.

"தம்பி, கேளுங்க! சில்லறைத் தோழன் என்ன சொல்லுது தெரியுமா? 'வாழ்த்துகள்! இன்று உங்கள் குடும்பத்தில் கடன் இல்லை!'"

"சந்தோஷம் சார். ஆமா, நீங்க எங்கே உட்கார்ந்து பார்க்கறீங்க?" என்றான் கொசுறு, சந்தேகத்தோடு.

"கூடத்துல, தம்பி. சொந்தக் கடை மெத்தையில. கால் மரத்துப்போகவே இல்ல!" முதலாளி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உள்ளே கடை முதலாளி இருக்கார். அவர் எவ்வளவு நேரம் வேணாலும் இருக்கட்டும். கேக்குதா?"

கொசுறு ஃபோனைக் காதில் அழுத்திக்கொண்டான். சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து, எந்த அவசரமும் இல்லாமல், அமர்க்களமாக ஒரு சீட்டி கேட்டது.